பெத்தேல் மூன்றாம் தெருவின் கண் அட்டவணை

டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். பாளையங்கோட்டையில் காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த மழை மூன்றரைக்கு நின்றது. எல்லோரும் ஈரத்துணிகளை மறுபடி மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, மூன்று நாற்பதுக்கு மீண்டும் தொடங்கியது. சரியாக அந்த நேரத்தில் பெத்தேல் மூன்றாம் தெரு நலச்சங்கத்தின் செயற்குழு, செயலாளர் ஞானதிரவியத்தின் வீட்டு முன்னறையில் கூடியது.

ஞானதிரவியம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர். எழுத்தில் ஏறாதது எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்பதும், எழுத்தில் ஏறியது எதுவும் நடக்காமல் போகக்கூடாது என்பதும் அவருடைய கொள்கை. அவர் முன்னறையில் தேக்கு மரத்தில் செய்த கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. உள்ளே ஒரு சிறிய மின்விளக்கும் உண்டு. இரண்டு ஆண்டுகளாக அந்த விளக்கு காலியான ஒரு தட்டுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டு கிறிஸ்துமஸ் அலங்காரப் போட்டியின் சுழற்கேடயத்துக்கானது. பெத்தேல் நகரின் ஆறு தெருக்களும் ஆண்டுதோறும் அதற்காக மோதும். தொடர்ந்து மூன்று முறை வெல்லும் தெருவுக்குக் கேடயம் நிரந்தரமாகச் சொந்தம். அதன் பிறகு அது சுழலாது. நான்காம் தெரு இரண்டு முறை வென்றிருந்தது. இந்த முறையும் வென்றுவிட்டால், அந்தத் தேக்கு அலமாரி ஆயுசுக்கும் காலிதான். ஞானதிரவியத்துக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி எமில்டா, தம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்த வருசமும் கேடயம் வரலைன்னா, இருபத்திமூணாந்தேதி காலையில ஏழு மணிக்கு அலமாரி எனக்கு. என் இட்லிக் கொப்பரைய அதுலதான் வைப்பேன். அடுக்களைப் பரண்ல ஏறி இறங்கி முட்டு தேஞ்சுபோச்சு. எழுதிக்கோங்க.”

ஞானதிரவியம் எழுதிக்கொண்டார். தலைவர் வேதமாணிக்கம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அவர் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும்.

“என்னவே எழுதியிருக்கீரு? ‘தோற்றால்’னு ஒரு வார்த்தை நம்ம மினிட்ஸ் நோட்டுல ஏறலாமா? படிக்கவன் என்ன நினைப்பான்? அடியும்வே அத.”

குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டது. தோற்றால் என்ற சொல் அடிக்கப்பட்டது. எஞ்சியது இது: ‘டிசம்பர் 23 காலை ஏழு மணிக்கு அலமாரி திருமதி எமில்டா வசம் ஒப்படைக்கப்படும், அதில் இட்லிக் கொப்பரை வைக்கப்படும்.’ எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

அடுத்து, வெல்வது எப்படி என்ற பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. வேதமாணிக்கத்தின் மச்சான் கிறிஸ்டோபர் கப்பலில் மின்பொறியாளர். அவர் விடுமுறையில் வந்திருந்தபோது தம் கையாலேயே ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தார். அதில் பதினாறு வயர்கள். தெருவின் பதினாறு வீடுகளுக்கும் ஒன்றொன்று. கணினியோடு இணைத்தால், பாட்டின் தாளத்துக்கு ஏற்ப வீடுகளின் அலங்கார விளக்குகள் எரிந்து அணையும். இப்படியொரு காட்சி பெத்தேல் நகரில் அதுவரை நடந்ததில்லை. கிறிஸ்டோபர் ஒரு தாளில் ஐந்து குறிப்புகளையும் எழுதி வைத்துவிட்டு, தொலைபேசி எட்டாத நடுக்கடலுக்குப் போய்விட்டார்.

கணினிப் பொறுப்பு ஆசீர்வாதத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்ப்பவர். மேலும், மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற மடிக்கணினி ஒன்று அவர் வீட்டில் இருந்தது. இசைப் பொறுப்பு பாடகர் குழுத் தலைவி டெய்சி டீச்சருக்கு. அவர் குரல் கோவில் மணிக்கூண்டு வரை கேட்கும். அவர் பாடும்போது மணி அடித்தால், மணிதான் கேட்காது.

முதல் குறிப்பு: ‘பெட்டியின் மேல் ஒரு சொட்டு ஈரமும் படக்கூடாது.’

பெட்டி, கான்கிரீட் கூரை போட்ட ஆசீர்வாதம் வீட்டு நடுக்கூடத்தில் மேசைமேல் வைக்கப்பட்டது. அதற்குமேல் இரவும் பகலும் ஒருவர் குடை பிடிப்பது என்று முறை போடப்பட்டது.

“மேல கூரை இருக்கே அண்ணாச்சி” என்றார் ஆசீர்வாதம்.

“கூரைய நம்பி ஒரு வார்த்தையாவது அந்தத் தாள்ல இருக்காவே?” என்று கேட்டார் வேதமாணிக்கம். இல்லை. குடை தொடர்ந்தது. பாடும்போது எச்சில் தெறிக்கக்கூடும் என்பதால், ஒத்திகையின்போது டெய்சி டீச்சர் சுவரைப் பார்த்து நின்று பாடினார்.

இரண்டாம் குறிப்பு: ‘பெட்டிக்கான நிரலைக் கணினியில் ஏற்றி, நிபந்தனைகளுக்குச் சம்மதம் கொடுக்கவும்.’ ஆசீர்வாதம் ஏற்றினார். திரையில் ஒரு சிறு கட்டம் வந்தது. ‘நிபந்தனைகள் அனைத்தையும் வாசித்தேன், ஏற்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆசீர்வாதம் அழுத்தப் போனபோது ஞானதிரவியம் அவர் கையைப் பிடித்தார்.

“வாசிச்சீரா?”

“இல்ல.”

“பின்னே வாசிச்சேன்னு எப்படிவே ஒப்புதல் கொடுப்பீரு? இருபத்தாறு வருசமா சாட்சிக் கையெழுத்து வாங்குதேன். இது பொய்ச்சாட்சி. ஆண்டவர் பத்துக் கற்பனையில கூடாதுன்னு விதிச்சதுல ஒண்ணு.”

நிபந்தனைகள் நாற்பத்தொரு பக்கம் இருந்தன. மூன்று மாலைகள் டெய்சி டீச்சர் அவற்றை ஆங்கிலத்தில் உரக்க வாசிக்க, வேதமாணிக்கம் தமிழில் விளக்க, குடை பிடித்தவர் உட்பட எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். இருபத்தொன்பதாம் பக்கத்தில், இந்த நிரலை அணு உலைகளை இயக்கப் பயன்படுத்தமாட்டேன் என்று உறுதி கூற வேண்டியிருந்தது. டெய்சி டீச்சர் வாசிப்பதை நிறுத்தினார்.

“நம்ம ஜில்லாவுலயே ஒண்ணு இருக்கே” என்றார் ஆசீர்வாதம் கலக்கத்துடன். “நான் அந்தப் பக்கம் கிரைண்டர் பாக்கப் போவேனே.”

நெடுநேர ஆலோசனைக்குப் பின், கிறிஸ்துமஸ் முடியும்வரை, அணு உலை இருக்கும் பக்கமான வள்ளியூருக்குத் தெற்கே போகமாட்டேன் என்று ஆசீர்வாதம் எழுதிக் கொடுத்தார். சம்மதம் அழுத்தப்பட்டது.

உடனே அடுத்த கேள்வி வந்தது: ‘இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா? ஆம். இல்லை.’

இது செயற்குழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதை எல்லோரும் உடனே உணர்ந்தார்கள். மாற்றம் எதுவாயினும் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழுவுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஞானதிரவியம் பதினாறு வீட்டுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். அந்த ஏழு நாளும் கேள்வி திரையில் காத்திருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை இருண்டதால், கேள்வி கோபித்துக்கொண்டு போய்விடாதபடி ஆசீர்வாதம் குடும்பத்தார் முறைவைத்து மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஆம், பதினொன்று. இல்லை, நான்கு. ஒருவர் நடுநிலை, அவர் கையில் குடை இருந்ததால் தூக்க முடியவில்லை.

ஆம் அழுத்தப்பட்டதும் நிரல் நாலே நொடியில் ஏறி நின்றது. இவ்வளவுதானா என்று பலருக்கு ஏமாற்றமாக இருந்தது.

மூன்றாம் குறிப்பின்படி வீடுகள் வயரோடு இணைக்கப்பட்டன. நான்காம் குறிப்பு: ‘பாட்டின் ஒவ்வொரு நொடிக்கும் எந்த வீடு எரிய வேண்டும், எந்த வீடு அணைய வேண்டும் என்று கட்டங்களில் குறிக்கவும்.’ டெய்சி டீச்சர் எழுதி, பாடகர் குழு பாடிப் பதிவுசெய்த பாட்டு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நொடி ஓடியது. பதினாறு வீடுகளுக்கு மூவாயிரத்து எழுபத்திரண்டு கட்டங்கள். டீச்சர் ஐந்து நாள் உட்கார்ந்து அவற்றை நிரப்பினார். பிழையே இல்லை, அவர் செய்ததில் தவறு சொல்ல யாராலும் முடியாது.

பதினெட்டாம் தேதி மாலை ஏழு மணிக்கு ஒத்திகை. பாட்டு தொடங்கியது. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னின. ஞானதிரவியத்துக்குக் கண் கலங்கியது. அலமாரியில் கேடயம் ஏறி உட்கார்ந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. இருபத்திரண்டாவது நொடியில் ஆறாம் எண் வீடு அணைந்து, நாலு நொடி இருட்டாக இருந்தது.

அந்த நாலு நொடியில்தான் இரண்டாம் தெரு நேசம்மாள் அந்த வழியே வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஆண்டில் துக்கம் நடந்த வீட்டில் கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் கட்டமாட்டார்கள், விளக்குப் போடமாட்டார்கள். டிசம்பரில் தெருவே ஒளிர, ஒரு வீடு மட்டும் இருண்டிருந்தால், போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கையைப் பிடித்து அழுதுவிட்டுத்தான் போக வேண்டும். நேசம்மாள் அதில் ஒரு குறையும் வைக்காதவர்.

“எய்யா பொன்னையா! போயிட்டியா!” என்று கதறிக்கொண்டு படியேறினார். கதவைத் திறந்தவர் பொன்னையாவேதான்.

“எக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்படித்தான்யா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்திருப்ப” என்று நேசம்மாள் அவர் கையைப் பிடித்து அழுதார். அதற்குள் வீடு எரிந்தது, மறுபடி அணைந்தது. நேசம்மாள் ஒவ்வொரு முறையும் அழுகையை நிறுத்தித் தொடர வேண்டியிருந்தது.

மறுநாள் அவசரப் பொதுக்குழு கூடியது. பொன்னையா எழுந்தார்.

“டீச்சர் கணக்குப்படி என் வீடு மொத்தம் எழுபத்தொரு நொடி இருட்டு. எழுபத்தொரு நொடி நான் செத்துக் கெடக்கணுமா? நீங்கள்லாம் உசுரோட பாடிக்கிட்டு இருப்பீயளோ?”

“என் வீடு எழுபத்தெட்டு நொடி!” என்று பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். “தலைவர் வீடு மட்டும் இருபதே நொடி. இது என்ன ஞாயம்?”

தங்கள் வீடு ஒரு நொடிகூட அணையக்கூடாது என்று பதினாறு குடும்பமும் சொன்னது. தீர்மானம் நிறைவேறியது. மூவாயிரத்து எழுபத்திரண்டு கட்டங்களிலும் ‘எரிக’ என்று மாற்றினார் டெய்சி டீச்சர். அதற்கும் இரண்டு நாள் ஆனது.

“எல்லாம் எப்பவும் எரியும்னா, சுவிட்சைப் போட்டாலே போதுமே” என்றார் ஆசீர்வாதம், மெல்ல.

“சுவிட்சைப் போட்டா, கணினி வச்சு எரிச்சோம்னு நடுவர்ட்ட எப்படிவே சொல்லுவீரு?” என்றார் வேதமாணிக்கம்.

ஆனால் ஐந்தாம் குறிப்பு இருந்தது. ‘பார்ப்பவர் கண்ணுக்கு, வெளிச்சம் தாளத்தோடு தோன்றி மறைய வேண்டும். இதுவே முக்கியம்.’ கடைசி வாக்கியத்தின் கீழ் கிறிஸ்டோபர் இரண்டு கோடு போட்டிருந்தார். விளக்கும் அணையக்கூடாது, வெளிச்சமும் மறைய வேண்டும். போட்டிக்கு இன்னும் ஒரே நாள். எமில்டா அடுக்களையில் கொப்பரையைப் புளி போட்டுத் தேய்க்கும் சத்தம் முன்னறை வரை கேட்டது. அந்தச் சத்தத்தில் ஞானதிரவியம் கண்களை இறுக மூடினார். திறந்தார். மீண்டும் மூடினார். பிறகு எழுந்து நின்றார்.

“தலைவரே, தாளை நல்லா வாசிங்க. பார்ப்பவர் கண்ணுக்குன்னுதான் போட்டிருக்கு. விளக்கு பாட்டுக்கு எரியட்டும். பாக்கிறவங்க கண்ணை மூடித் திறந்தாப் போதும்லா?”

வேதமாணிக்கம் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார்.

டெய்சி டீச்சரின் பழைய கட்டங்கள் அப்படியே பயன்பட்டன. எந்த நொடியில் மூட வேண்டும், எந்த நொடியில் திறக்க வேண்டும் என்று ‘கண் அட்டவணை’ இருநூறு பிரதிகள் அச்சாயின. ஒரு வீட்டை மட்டும் மறைக்க வேண்டிய இடங்களில் ஒற்றைக்கண்ணை மூடும்படி அடிக்குறிப்பு இருந்தது. அட்டவணையை வாசித்துக்கொண்டே கண்ணை மூடுவது கடினம் என்று யாரோ சொன்னதால், டீச்சர் உரக்கச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

இருபத்திரண்டாம் தேதி மாலை ஏழு முப்பது. வானம் மூட்டமாக இருந்தது, தூறல் இல்லை, குடை இருந்தது. நடுவர்கள் மூவரும், அவர்கள் தலைவரான ஓய்வுபெற்ற பேராசிரியர் சற்குணமும் முன்வரிசையில் அமர்ந்தார்கள். இருட்டு ஒழிந்த மகிழ்ச்சியில் ஒவ்வொரு வீட்டாரும் பக்கத்து வீட்டைவிட இரண்டு வரிசை கூடுதலாக விளக்குக் கட்டியிருந்தார்கள். ஆசீர்வாதம் கணினியை இயக்கினார். பதினாறு வீடும் ஒன்றாக எரிந்தன. பாட்டு தொடங்கியது.

“மூடு!” என்றார் டெய்சி டீச்சர். தெருவே மூடியது. “திற!” தெருவே திறந்தது. வெளிச்சம் தோன்றியது, மறைந்தது, தோன்றியது. தாளம் பிசகவில்லை. சற்குணம் இரண்டாம் முறையே, “அடடா” என்றார்.

நூற்றிரண்டாவது நொடியில் டீச்சர், “மூடு!” என்றார். எல்லோரும் மூடியிருந்த அந்த நேரத்தில், பதினாறு வீட்டுப் பாரத்தையும் தாங்கமாட்டாமல் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் டப்பென்று ஒரு சத்தம். பெத்தேல் நகரின் ஆறு தெருக்களும் இருண்டன. சத்தத்தைத் தாளத்தில் ஒன்று என்றே நினைத்தார்கள்.

“திற!”

திறந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

“டீச்சர் சொல்லியாச்சுலா. யாரு இன்னும் திறக்கல?” என்று அதட்டினார் வேதமாணிக்கம்.

“நான் திறந்துட்டேன் அண்ணாச்சி” என்றது இருட்டில் ஒரு குரல்.

“திறந்தா தெரியணும்லாவே?”

“விரலை விட்டுப் பாத்தேன். வலிக்குது. திறந்துதான் இருக்கு.”

“அப்ப எனக்குத்தான் திறக்கலை போல” என்றார் வேதமாணிக்கம் கவலையோடு, இரு கையாலும் இமைகளை இழுத்துப் பிடித்தபடி.

ஆனால் மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. பாட்டு தானே ஓடிக்கொண்டிருந்தது. இருட்டிலிருந்து சற்குணத்தின் குரல் வந்தது.

“பாட்டு ஓடுதுல்லா? அட்டவணைய நிறுத்தாதீங்க. நடுவுல நிறுத்தினா மார்க் போட முடியாது.”

மீதித் தொண்ணூறு நொடியும் இருநூறு பேர் கும்மிருட்டில் கண்ணை மூடித் திறந்தார்கள். அடிக்குறிப்பு வந்த இடங்களில் ஒற்றைக்கண்ணை மட்டும் மூடினார்கள். யாரும் ஏமாற்றவில்லை.

பிறகு நடுவர்கள் மற்ற தெருக்களைப் பார்க்கப் புறப்பட்டார்கள். எட்டு மணி முதல் எட்டேகால் வரை நான்காம் தெருவுக்கான நேரம். மூன்று முறை நடந்தும் அவர்கள் கண்ணில் அப்படியொரு தெரு படவில்லை.

“ஐயா, இங்கதான் இருக்கோம்! இதுதான் நாலாந்தெரு!” என்று இருட்டிலிருந்து பல குரல்கள் கெஞ்சின.

“சத்தம் கேக்கு. தெரு தெரியலையே” என்றார் சற்குணம் நேர்மையாக. “சத்தத்துக்கு எப்படி மார்க் போட?” நடுவர் குறிப்பேட்டில், ‘நான்காம் தெரு: காணப்படவில்லை’ என்று டார்ச் அடித்து எழுதினார். டார்ச்சைத் தெருவுக்கு அடிக்க விதியில் இடமில்லை. மற்ற நான்கு தெருக்களும் அன்று காணப்படவில்லை.

ஒன்பது மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. “இருபத்தேழு வருசமா அலங்காரம் பாக்கேன்” என்று சற்குணம் தழுதழுத்தார். “மூடினாலும் திறந்தாலும் ஒரே மாதிரி நிறைவா இருந்த அலங்காரம் இது ஒண்ணுதான்.” கேடயத்தை வாங்கிய ஞானதிரவியம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கினார்.

மறுநாள், இருபத்திமூன்றாம் தேதி காலை. மழை இல்லை. விடியுமுன் மின்வாரியத்தார் மாற்று வழியில் மின்சாரம் கொடுத்திருந்தார்கள்.

நேசம்மாள் ஆறு மணிக்கே பெரிய மாலையோடு கிளம்பினார். முந்தைய இரவு ஆறு தெருவும் இருண்டிருந்ததால் எந்த வீட்டில் போடுவது என்று விசாரித்து, கடைசியில் உண்மையாகவே போனது எதுவென்று அறிந்து, மாலையை டிரான்ஸ்பார்மர் கம்பத்தின் காலடியில் வைத்து அழுதுவிட்டுத் திரும்பினார். வேதமாணிக்கம் இருட்டு எதுவரை பரவியிருந்தது என்று அளந்து பதிவுசெய்ய டேப்போடு போய், பகலில் ஓர் அடிகூட அகப்படாமல் வந்து சேர்ந்தார். ஆசீர்வாதத்தின் திரையில் ‘நிரலை மூடிவிடலாமா? ஆம். இல்லை’ என்று வந்திருந்தது; அவர் பொதுக்குழுவுக்கு ஏழு நாள் அறிவிப்பு எழுதிவிட்டு, மவுஸை ஆட்ட உட்கார்ந்தார். டெய்சி டீச்சர் தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நான்காம் தெருவில், அடுத்த ஆண்டுக்கு இப்போதே முந்திக்கொள்ளும் பொருட்டு, முப்பது பேர் வரிசையாக நின்று கண்ணை மூடித் திறந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணிக்கு எமில்டா மினிட்ஸ் நோட்டைத் திறந்து கணவர் முன் வைத்தார்.

ஞானதிரவியம் வாசித்தார். மறுமுறை வாசித்தார். தோற்றால் என்று அதில் எங்கும் இல்லை. தம் கையெழுத்து இருந்தது. இருபத்தாறு வருட எழுத்தர். எழுந்து, கொப்பரையை இரு கைகளாலும் ஏந்திவந்து தேக்கு அலமாரியில் வைத்து, உள்விளக்கைப் போட்டார். கொப்பரை தகதகத்தது. அதன் பழைய இடமான அடுக்களைப் பரணில் கேடயம் ஏறியது.

பிறகு அவர் அலமாரிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொப்பரையை வெகுநேரம் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. கண்களை மூடினார். அலமாரியில், விளக்கொளியில், கேடயம் மிக அழகாகத் தெரிந்தது.

“ஏங்க, ஆபீசுக்கு நேரமாச்சு. கண்ணத் திறங்க” என்றார் எமில்டா.

“அது டீச்சர்லா சொல்லணும்” என்றார் ஞானதிரவியம்.

டெய்சி டீச்சருக்குத் தொண்டை சரியாக நான்கு நாள் ஆனது.